வெள்ள நிவாரணப் பட்டியலில் பெயர் இல்லையா? சேதக் கணக்கெடுப்பு முதல் உயர் நீதிமன்றம் வரை முழுமையான வழிகாட்டி

'லிஸ்ட் மேல போயாச்சு.' 'இன்னும் ஆர்டர் வரல.' 'அடுத்த கட்டத்துல பார்க்கலாம்.' புயலோ வெள்ளமோ வந்துபோன ஊரில் தாலுகா அலுவலகத்துக்குப் போனால் இந்த மூன்றில் ஒன்றுதான் பதிலாக வரும். இவற்றில் எதுவும் மறுப்பு இல்லை என்பதுதான் சிக்கல். 'உனக்குத் தகுதியில்லை' என்று எழுதிக் கொடுத்தால் மேல்முறையீட்டுக்குப் போகலாம். வாய்ப்பேச்சை எதிர்த்து எங்கே போவது? அதனால் கீழே உள்ள எல்லாப் படிகளும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: உங்கள் சேதத்தையும் அதிகாரியின் பதிலையும் தேதி போட்ட தாளாக மாற்றுகின்றன. தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து எழுதப்பட்டது இது.

முதலில்: எந்தப் பணம், யார் கையில்?

நிவாரணம் என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு தனித்தனிப் பைகள் இருக்கின்றன. ஒன்று, மாநில அரசு அறிவிக்கும் ரொக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குக் குடும்பத்துக்கு 6,000 ரூபாய், 2024இல் ஃபெஞ்சலுக்கு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சிப் பகுதிகளில் 2,000 ரூபாய் என்று ரேஷன் அட்டையை வைத்துக் கொடுத்தார்களே, அது. மற்றது, மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதிப்படி உயிரிழப்பு, வீடு, பயிர், கால்நடை என்று சேதத்தை அளந்து கொடுப்பது. இந்த நிதியில் தமிழ்நாட்டைப் பொறுத்தவரை மத்திய அரசின் பங்கு 75 சதவீதம், மாநிலத்தின் பங்கு 25. எதற்கு எவ்வளவு என்ற விதியை மத்திய உள்துறை அமைச்சகம் வகுக்கிறது.

'அதான் ஆறாயிரம் வாங்கிட்டீங்களே, அப்புறம் என்ன?' என்று வீடு இடிந்தவரிடம் கேட்பது வழக்கம். இரண்டும் வேறு வேறு பட்டியல். ஒன்றை வாங்கியதால் மற்றது போய்விடாது. மனுவில் 'வெள்ள நிவாரணம் வழங்க வேண்டுகிறேன்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அலுவலகம் முதல் பட்டியலைப் புரட்டிப் பார்த்து 'வழங்கப்பட்டுவிட்டது' என்று முடித்துவிடும். 'வீட்டுச் சேத நிவாரணம்', 'பயிர்ச் சேத நிவாரணம்' என்று பெயர் சொல்லியே எழுதுங்கள்.

கணக்கெடுப்பவர் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்). சரிபார்ப்பவர் ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்). ஒன்றுசேர்ப்பவர் வட்டாட்சியர். அவருக்கு மேல் ஆர்.டி.ஓ. (கோட்டாட்சியர்), மாவட்ட ஆட்சியர். ஆட்சியரே 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவரும்கூட. நெல்லுக்கு வேளாண் துறை, வாழைக்குத் தோட்டக்கலைத் துறை, மாட்டுக்குக் கால்நடைப் பராமரிப்புத் துறை, படகுக்கும் வலைக்கும் மீன்வளத் துறை என்று வருவாய்த் துறையோடு சேர்ந்து வருவார்கள். தவறான துறைக்குக் கொடுத்த மனு சரியான மேசைக்கு வந்து சேர்வதற்குள் பட்டியல் மூடப்பட்டிருக்கும்.

தொகைகளை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்

2022-26 காலத்துக்கான மத்திய விதிப்படி அடிப்படைத் தொகைகள் இவை:

- உயிரிழப்பு: 4 லட்சம் ரூபாய்
- முழுதும் சேதமான வீடு, சமவெளியில்: 1,20,000
- பகுதி சேதம், குறைந்தது 15 சதவீதம்: ஓட்டு வீடோ மண் வீடோ ஆனால் 4,000, கான்கிரீட் வீடு 6,500
- குடிசை: 8,000
- வீடு அடித்துச் செல்லப்பட்டாலோ 2 நாளுக்கு மேல் நீரில் மூழ்கியிருந்தாலோ துணிமணிக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500
- பயிர், 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதம்: எக்டேருக்கு மானாவாரி 8,500, பாசனப் பயிர் 17,000, பல்லாண்டுப் பயிர் 22,500. ஒருவருக்கு 2 எக்டேர் வரை
- பசு, எருமை 37,500, ஆடு 4,000, கோழி ஒன்றுக்கு 100

மாநில அரசு சொந்த நிதியிலிருந்து கூட்டிக் கொடுக்கலாம். ஃபெஞ்சலுக்கு உயிரிழப்புக்கு 5 லட்சம், குடிசைக்கு 10,000 என்று தமிழ்நாடு அறிவித்தது. 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது தென்னை மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500 என்று மரம் ஒன்றுக்கு 1,100 வந்தது. ஆகவே உங்கள் புயலுக்கான அரசாணையின் எண்ணையும் தேதியையும் தேடி எடுத்துவிடுங்கள். மனுவில் அரசாணை எண் இருந்தால் பதில் எழுதுபவர் அதைத் தாண்டிப் போக முடியாது.

மேலே உள்ள பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். மண்சுவர் வைத்து ஓடு வேய்ந்த வீடு முழுதும் சரிந்தால் அது 'வீடு': 1,20,000. அதையே கணக்கெடுப்பவர் 'குடிசை' என்று எழுதினால் 8,000. விதியின் கண்ணில் குடிசை என்றால் மண் வீட்டைவிடத் தாழ்ந்த தற்காலிக இருப்பிடம். கீற்று, மண், பிளாஸ்டிக் தாள் வைத்துக் கட்டியது. அதேபோல 'முழு' என்ற இடத்தில் 'பகுதி' என்று எழுதினால் 1,20,000 என்பது 4,000 ஆகிவிடும். ஒரு சொல்லில் ஒரு லட்சத்துக்கு மேல் போகிறது. கூரை நின்று சுவர் சாய்ந்த வீட்டுக்குப் 'பகுதி' என்று எழுதிவிட்டுப் போவது மிகச் சாதாரணமாக நடக்கிறது, அந்தச் சுவர் அடுத்த மழையில் தானாகவே விழும் என்று தெரிந்தும்.

முதல் மூன்று நாள்: தண்ணீர் வடிவதற்குள்

வீடு மூழ்கியிருந்தால் வாசல் நிலையைச் சட்டகமாக வைத்து ஒரு படம் எடுங்கள். அதே வாசலை, அதே இடத்தில் நின்று, மூன்றாம் நாளும் எடுங்கள். இரண்டிலும் தண்ணீர் தெரிந்தால் '2 நாளுக்கு மேல்' என்ற நிபந்தனை முடிந்தது. ஒரே நாளில் எடுத்த ஐம்பது படம் இதை நிரூபிக்காது. தண்ணீர் வடிந்தபின் சுவரில் சேற்றுக் கோடு நிற்கும். அதன் பக்கத்தில் டேப்பைத் தரையிலிருந்து நீட்டி உயரம் தெரிய எடுங்கள். சுண்ணாம்பு அடிக்க அவசரப்பட வேண்டாம்.

போன் கேமராவில் இருப்பிடத்தைப் பதிவு செய்யும் வசதியை இயக்கிவிட்டு எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தேதி, இடத் தகவல் உதிர்ந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது மூலப்படத்தைப் போனிலேயே வைத்திருங்கள். ஒரு படத்திலாவது கதவு எண்ணோ மின்மீட்டர் எண்ணோ தெரியட்டும்.

பயிரில் பெரும்பாலோர் ஏமாறுவது நாள் கணக்கில். பூக்கும் பருவத்தில் மூழ்கிய சம்பா, தண்ணீர் வடிந்த ஒரு வாரத்தில் பச்சையாக நிமிர்ந்து நிற்கும். அப்போது வந்து வரப்பிலிருந்து பார்ப்பவர் 'பயிர் நல்லாத்தானே இருக்கு' என்பார். அறுக்கும்போது பாதி பதர். ஆகவே மூழ்கியிருந்த நாள், வடிந்த நாள், ஒரு வாரம் கழித்து என்று மூன்று முறை எடுத்து வையுங்கள். கதிரை உருவிக் காட்டும் படமும் ஒன்று வேண்டும். பயிர்க் காப்பீடு வேறு கதவு. வயலில் அறுத்துப் போட்ட கதிர் நனைந்தது போன்ற தனி இழப்புகளை 72 மணி நேரத்துக்குள் 14447 எண்ணில் சொல்லிப் பதிவு எண் வாங்க வேண்டும். அங்கே சொன்னால் வி.ஏ.ஓ.விடம் சொன்னதாக ஆகாது; வி.ஏ.ஓ.விடம் சொன்னது காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகாது.

மாடு இறந்தால் கால்நடை மருத்துவரின் பரிசோதனைச் சான்று வருமுன் புதைக்காதீர்கள். காதில் உள்ள 12 இலக்க வில்லை எண் தெரியப் படம் எடுங்கள். நாற்றம் தாங்காமல் புதைத்தே ஆக வேண்டுமானால் ஊராட்சித் தலைவர் முன்னிலையில் புதைத்து அவரிடமே எழுதி வாங்குங்கள்.

உயிரிழப்பில் காவல் நிலையத்தில் தகவல் பதிவாகிப் பிரேதப் பரிசோதனையும் நடந்திருக்க வேண்டும். துக்கத்தில் நேராக அடக்கம் செய்துவிடும் குடும்பங்கள் பிறகு இறப்புக்கான காரணத்தை நிரூபிக்க முடியாமல் தவிக்கின்றன. 4 லட்சத்துக்கான நிபந்தனையே உரிய அதிகாரி இறப்பின் காரணத்தைச் சான்றளிக்க வேண்டும் என்பதுதான்.

கணக்கெடுப்பு நாளில்

வி.ஏ.ஓ. எப்போது வருகிறார் என்பது தண்டோராவில் வராது. தலையாரியிடம் கேட்டு வையுங்கள். ஒரு வி.ஏ.ஓ.வுக்கு நூற்றுக்கணக்கான வீடுகள், கையில் நான்கைந்து நாள். தெரு முனையில் நின்று ஆள்களைக் கூப்பிட்டு எழுதிக்கொண்டு போவதும் உண்டு. அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆள்பற்றாக்குறையும் மேலிருந்து வரும் 'நாளைக்குள் அறிக்கை' என்ற நெருக்கடியும் சேர்ந்து செய்யும் வேலை அது. ஆனால் அதன் விலையைக் கொடுப்பது பட்டியலுக்கு வெளியே நிற்பவர்.

அவர் வரும்போது கேட்க வேண்டியவை: என் பெயருக்கு நேரே எந்த வகை எழுதியிருக்கிறீர்கள்? எத்தனை சதவீதம்? பயிர் என்றால் எந்த சர்வே எண், உட்பிரிவு, எத்தனை ஏக்கர்? 17,000 ரூபாய் எக்டேருக்கு என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 6,880. உங்கள் தொகையை அங்கேயே கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் எழுதிய பக்கத்தைப் படம் எடுக்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அன்று மாலையே, 'இன்று தாங்கள் ஆய்வு செய்தபோது பதிந்த விவரம் இது' என்று ஒரு கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, அஞ்சலக ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

குத்தகைக்குப் பயிரிடுபவருக்கு அடங்கல்தான் உயிர்நாடி. பட்டா யார் பெயரில் இருந்தாலும் அந்தப் பசலியில் (வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டில்) யார், என்ன பயிரிட்டார் என்பது அடங்கலில் இருக்கும். பசலி ஜூலை 1இல் தொடங்கும்: 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434. கோயில் நிலம், கூட்டுப் பட்டா, இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே கிடக்கும் பட்டா ஆகிய மூன்றும் பட்டியலில் அதிகம் விடுபடும் வகைகள்.

புறம்போக்கில் வீடு கட்டியிருப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். வீட்டுச் சேதத்துக்கு மத்திய விதி, கட்டடம் அனுமதி பெற்றதென அரசு சான்றளிக்க வேண்டும் என்கிறது. வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு ரசீது, பழைய நிவாரணம் வாங்கிய சான்று என்று இருப்பதை எல்லாம் இணையுங்கள். துணிமணி, பாத்திரம், கால்நடை ஆகியவற்றுக்கு அந்த நிபந்தனை இல்லை. வீட்டுச் சேதத்துக்குக் கிடையாது என்றார்கள் என்று இவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

ஊரை எடுத்துக் காலனியை விட்டுவிட்டால், அதைக் கூட்டு மனுவாகக் கொடுங்கள். நிவாரணத்தில் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மத வேறுபாடு காட்டக் கூடாது என்று பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு நேரடியாகச் சொல்கிறது. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்தில் தலித் குடும்பங்கள் ஒதுக்கப்பட்டது பதிவான வரலாறு.

மனு: யாரிடம், எப்படி

முதல் மனு வட்டாட்சியருக்கு. நகலில் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சீல், தேதி, கையொப்பம் வாங்காமல் திரும்பாதீர்கள். பொதுமக்கள் மனுவுக்கு 3 நாளில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்று பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் 2015ஆம் ஆண்டு அரசாணை எண் 99 கூறுகிறது. அதை மனுவின் கடைசி வரியில் குறிப்பிடுங்கள்.

ஒரு மாதம் கழிந்தால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். விவசாயிகளுக்கு மாதாந்திரக் குறைதீர் கூட்டம் தனியாக உண்டு. 1100 எண்ணில் முதல்வரின் முகவரியிலும் பதியலாம். இவை எல்லாவற்றிலும் உள்ள ஓட்டை ஒன்றுதான்: ஆட்சியரிடம் கொடுத்த மனு ஆர்.டி.ஓ., வட்டாட்சியர், ஆர்.ஐ. என்று இறங்கி, யாருடைய கணக்கெடுப்பைப் பற்றிப் புகாரோ அதே வி.ஏ.ஓ.வின் கையில் வந்து விழும். அவர் 'கள விசாரணை செய்ததில் மனுதாரருக்குச் சேதமில்லை' என்று எழுத, மனு தீர்க்கப்பட்டதாகக் கணினியில் மூடப்படும். இதைத் தடுக்க, மனுவிலேயே 'முதல் கணக்கெடுப்பில் சம்பந்தப்படாத அலுவலர், கோட்டாட்சியர் நிலையில், என் முன்னிலையில் மறு ஆய்வு செய்ய வேண்டும்' என்று தெளிவாகக் கேளுங்கள்.

கிராம சபையை விட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. 'சேதப் பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்' என்று தீர்மானம் போட்டு நகல் வாங்குங்கள். தனி ஆளின் மனுவைவிட இது கனமான தாள்.

தகவல் அறியும் உரிமை மனு: கேள்வியில்தான் எல்லாம்

'எனக்கு ஏன் நிவாரணம் தரவில்லை?' என்று கேட்டால், 'ஏன் என்ற கேள்வி தகவல் என்ற வரையறைக்குள் வராது' என்று பதில் வரும், அதுவும் சட்டப்படி சரியாகவே. ஆவணத்தைக் கேட்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, இப்படி:

1. எங்கள் வருவாய் கிராமத்தில் இந்தப் புயலில் சேதமடைந்த வீடுகளுக்கு வி.ஏ.ஓ. தயாரித்த கணக்கெடுப்புப் பட்டியலின் சான்றிட்ட நகல்.
2. என் கதவு எண்ணுக்கு எதிரே பதிவான சேத வகை, சதவீதம், ஆய்வு செய்த அலுவலரின் பதவி, ஆய்வுத் தேதி.
3. வருவாய் ஆய்வாளர் சரிபார்த்த தேதியும் அவரது குறிப்பின் நகலும்.
4. இந்தத் தேதியிட்ட என் மனு மீதான கோப்பின் குறிப்புப் பக்கங்கள் அனைத்தும்.
5. வட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை, வழங்கியது, திருப்பி ஒப்படைத்தது.

ஐந்தாவது கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 'நிதி இல்லை' என்று சொன்ன வட்டத்திலிருந்து பணம் திரும்பிப் போயிருந்தால், அந்த ஒரு வரி போதும்.

மற்றவர்களின் பெயரைக் கேட்டால் தனிநபர் தகவல் என்று மறுப்பார்கள். 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த விலக்கை மேலும் இறுக்கிவிட்டது. பெயர் வேண்டாம், கதவு எண் வாரியாகவோ சர்வே எண் வாரியாகவோ தாருங்கள் என்று கேளுங்கள். மானியம் பெறுவோர் விவரத்தை அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டும் என்கிற 4(1)(b) பிரிவையும் சுட்டுங்கள்.

பதிலுக்கு 30 நாள். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தாமதத்துக்கு நாளுக்கு 250, அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் தகவல் அலுவலரின் சொந்தப் பையிலிருந்து. ஆணையத்தில் முறை வர மாதக்கணக்கில் ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'கோப்பு கிடைக்கவில்லை' என்பது சட்டத்தில் உள்ள விலக்குகளில் ஒன்றல்ல. அந்தப் பதிலை எழுத்தில் வாங்கினால் உங்களுக்குத்தான் நல்லது.

அனுமதியாகியும் பணம் வரவில்லை என்றால்

பல புகார்கள் இங்கேதான் முடிகின்றன. வங்கிகள் இணைந்தபின் மாறிய ஐ.எஃப்.எஸ்.சி. எண், செயலற்றுப்போன ஜன்தன் கணக்கு, பாஸ்புக்கிலும் ஆதாரிலும் வேறு வேறு இனிஷியல் என்று காரணங்கள் சின்னதாக இருக்கும். ஆதார் வழி அனுப்பினால், நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்குக்குப் போகாமல், கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்குப் போயிருக்கும். மறந்தே போன பழைய கணக்கைப் பாருங்கள். பணம் திரும்பியிருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் திரும்பிய பட்டியல் உண்டு, அதில் உங்கள் வரிசை எண்ணைக் கேளுங்கள். நிவாரணத்தை வங்கி பழைய கடனுக்குப் பிடித்துக்கொண்டால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார், 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர். உதவி எண் 14448.

லஞ்சம், கையாடல், கடமை தவறல்

பட்டியலில் சேர்க்கக் காசு கேட்டால் கொடுக்குமுன் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறையிடம் போங்கள். கட்டாயத்தின் பேரில் கொடுத்துவிட்டாலும் 7 நாளுக்குள் புகார் செய்தால் கொடுத்தவர் குற்றவாளி ஆகமாட்டார்; ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தம் தரும் பாதுகாப்பு இது.

பேரிடர் நிதியையோ பொருளையோ கையாடினால் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 53ஆம் பிரிவு: 2 ஆண்டு வரை சிறை. கடமையைச் செய்ய மறுக்கும் அலுவலருக்கு 56ஆம் பிரிவில் ஓராண்டு வரை. படிக்க நன்றாக இருக்கும். ஆனால் 56இல் வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும் என்று 59 பூட்டுப் போட்டுவிட்டது. 53க்கு அந்தப் பூட்டு இல்லை. இரண்டுக்குமே 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்துத்தான் நீதிமன்றம் போகலாம். பொய்யாக நிவாரணம் கோரினால் 52ஆம் பிரிவு உங்கள் மீதும் பாயும் என்பதால் சேதத்தை ஊதிப் பெருக்கி எழுத வேண்டாம்.

நீதிமன்றம்

பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழான முடிவுகளைக் கேள்வி கேட்க உச்ச நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் மட்டுமே அதிகாரம். மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் போட்டால் திருப்பிவிடுவார்கள். சென்னையிலோ மதுரைக் கிளையிலோ அரசியலமைப்பின் 226ஆம் பிரிவில், 'என் மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்தில் உத்தரவு பிறப்பிக்க வேண்டும்' என்று ரிட் மனு போடுவது வழக்கம். பணத்தை நீதிமன்றம் நேரே தருவது அரிது. அதிகாரி எழுத்தில் முடிவெடுக்கும்படி செய்யும். சீல் வைத்த மனு நகல் இல்லாமல் போனால் வழக்கே நிற்காது.

செலவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987இன் 12(e) பிரிவில் வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம் போன்றவற்றால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவச வழக்கறிஞர் பெற உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே ஆணைய அலுவலகம் இருக்கும். உதவி எண் 15100.

தனி நிவாரணத்தைத் தாண்டி, வெள்ளம் ஏன் அப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கும் வழி உண்டு. 2015 சென்னை வெள்ளத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து டிசம்பர் 1 அன்று 29,000 கன அடி திறந்ததைத் தணிக்கைத் துறை ஆராய்ந்து, மனிதத் தவறால் வந்த பேரிடர் என்று அறிக்கை வைத்தது. அது சட்டமன்றத்துக்கு வந்தது 2018 ஜூலையில். அதுவரை காத்திருக்காமல், உங்கள் ஏரியின் மணிவாரி நீர்மட்டம், திறப்புப் பதிவேடு, எச்சரிக்கை அனுப்பிய நேரம், மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டம் கடைசியாகப் புதுப்பித்த தேதி ஆகியவற்றைத் தகவல் உரிமையில் கேட்கலாம். அந்தத் திட்டத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்று 31ஆம் பிரிவு சொல்கிறது.

இன்னும் ஒன்று, வெயில் காலத்தில் செய்ய வேண்டியது. மே, ஜூனில் தாலுகாவில் ஜமாபந்தி (ஆண்டு வருவாய்க் கணக்குத் தணிக்கை) நடக்கும்போது கிராமக் கணக்குகள் மேசையில் விரித்திருக்கும். அப்பா பெயரில் இருக்கும் பட்டா, அடங்கலில் ஏறாத குத்தகை, வரியில் விட்டுப்போன வீடு ஆகியவற்றுக்கு அங்கே மனு கொடுத்து, ஐப்பசி மழைக்கு முன் கணக்கில் ஏற்றிவிடுங்கள்.